சுகந்தியின் ஏழு வாக்கியங்கள்

1

முதலில் ஓர் ஒப்புதல். இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை, ஒட்டுக்கேட்டேன். போன மாசியில் அருப்புக்கோட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் எம்.ரெட்டியபட்டிக்குப் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த பெண் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தார். சாமி பெயர் சொல்கிறார் என்று நினைத்தேன். காதைக் கொடுத்தால், "ஆட்டோ இஸ் கோயிங். டிரைவர் இஸ் காஃபிங். வீ ஆர் சிட்டிங்" என்று ஓடுகிறது. ஆட்டோ போய்க்கொண்டிருந்தது. டிரைவர் இருமிக்கொண்டிருந்தார். நாங்கள் ஒருவர் மடியில் ஒருவராக உட்கார்ந்துகொண்டிருந்தோம். ஒரு சொல்லிலும் பிழையில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "சார் இஸ் லுக்கிங்" என்றார். நான் சட்டென்று வெளியே பார்த்தேன்.

ஏன் அப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்கத் தைரியமில்லாமல் இறங்கிவிட்டேன். கேட்டிருந்தால் கதை எழுதும் வேலை மிச்சமாகியிருக்கும்.

2

தொடக்கங்கள்:

"கரிசல் மேல் வெயில் உருகி வழிந்த ஒரு நடுப்பகலில் சுகந்தி—" (வேண்டாம். வெயிலில் தொடங்கும் கதைகள் இந்தத் தாலுகாவில் ஏற்கெனவே நிறைய.)

"ஆங்கில ஆசிரியை சுகந்தி—" (ஆசிரியை என்றால் எல்லாம் தெரிந்திருக்கும். தெரிந்தவரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?)

"சுகந்திக்கு முப்பத்து நான்கு வயது. எட்டாவதோடு படிப்பு நின்றது. மூன்று ஏக்கர் மானாவாரிப் பருத்தி." இது நிற்கிறது. இதிலேயே போகிறேன்.

3

சுகந்தியும் அக்கம்பக்கத்துக் குடும்பங்களும் சேர்ந்து ஒரு வெளிநாட்டுத் துணிக் கம்பெனிக்குப் பருத்தி கொடுக்கிறார்கள். விதையும் அந்தக் கம்பெனி தருவதுதான். வருசத்துக்கு ஒரு தடவை கம்பெனி அம்மா வீடியோ காலில் பருத்திக் காட்டைப் பார்ப்பார். நடுவில் நின்று மொழிபெயர்ப்பவர் ஜெயக்குமார், அருப்புக்கோட்டையிலிருந்து பைக்கில் வரும் கம்பெனிக் கள அலுவலர்.

போன வருசம் கொடுத்த விதையில் பாதி முளைக்கவில்லை. அதைப் பக்கத்துக் காட்டு வெள்ளைத்தாய் போனுக்கு முன்னால் நின்று மூச்சு விடாமல் சொன்னார். எத்தனை கிலோ ஊன்றினோம், எத்தனை நாள் காத்திருந்தோம், மறுபடி ஊன்றியதில் பருவம் எப்படித் தப்பியது, எல்லாம். ஜெயக்குமார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, போனைப் பார்த்து, "தே ஆர் ஹேப்பி" என்றார்.

ஹேப்பி என்பது சுகந்திக்குத் தெரிந்த சொல். அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இந்த வருச அழைப்புக்குத் தேதி வந்ததும், போன் என் கையில்தான் இருக்கும், நான்தான் பேசுவேன் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் தனக்கு ஆங்கிலம் தெரியாது என்பது நினைவுக்கு வந்தது.

4

அழைப்புக்கு மூன்று வாரம் இருந்தது. காதில் ஒயரை மாட்டி, இடுப்பில் பருத்தி போடும் மடி கட்டி, பருத்தி எடுத்துக்கொண்டே போனில் பாடம் கேட்டாள். முழு ஆங்கிலத்துக்கும் நேரமில்லை. போனில் அந்தம்மா, "இப்போது என்ன நடக்கிறது?" என்றுதானே கேட்பார்? அதற்கு மட்டும் போதும் என்று முடிவு கட்டினாள். நான் என்றால் ஆம். அவன், அவள், அது என்றால் இஸ். மற்ற எல்லோருக்கும் ஆர். பின்னால் ஒரு வினைச்சொல், அதன் வாலில் இங். அவ்வளவுதான். இது புரிந்த அன்று அவள் வரப்பில் கிட்டத்தட்ட ஓடினாள். கண்ணில் படுவதையெல்லாம் சொல்லிவிட முடிகிறதே! கோட் இஸ் ஈட்டிங். பஸ் இஸ் கம்மிங். வெள்ளைத்தாய் இஸ் ஸ்கோல்டிங்.*

"ஏத்தா, என்னைய என்னமோ சொல்ற?" என்றார் வெள்ளைத்தாய்.

"நீங்க பருத்தி எடுக்கீகன்னு சொல்றேங்க்கா."

"அதான் கண்ணுக்குத் தெரியுதே. இதப் போயி கடல் தாண்டிச் சொல்லணுமாக்கும்."

நாள்காட்டித் தாளின் பின்பக்கம் ஏழு வாக்கியங்கள் எழுதி மனப்பாடம் செய்தாள். இரண்டாவது வாக்கியம்: தே ஆர் பிக்கிங் காட்டன்.

(* 'தெரியும்' என்னும் நோ, 'வேண்டும்' என்னும் வான்ட் போன்ற சில சொற்களுக்கு இந்த வால் ஒட்டாது என்பதை அவள் தாமதமாகத்தான் கண்டுபிடித்தாள். அதுவரை 'ஐ ஆம் நோயிங், ஐ ஆம் நோயிங்' என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். நானும் கல்லூரி முடியும்வரை அப்படித்தான்.)

5

வியாழக்கிழமை காலை பத்து மணி. போன் அடித்தது. கம்பெனி அம்மா திரையில் சிரித்தார். சுகந்தி முதல் வாக்கியத்தைத் தடங்கலில்லாமல் சொன்னாள்: இது எங்கள் காடு. இரண்டாவதைத் தொண்டையில் தயாராக வைத்துக்கொண்டு கேமராவைத் திருப்பினாள்.

ஒருவரும் பருத்தி எடுக்கவில்லை.

பருத்தி எடுக்க வந்த ஒன்பது பெண்களும் மடியை அவிழ்த்து வைத்துவிட்டு, முகம் கழுவி, பூ வைத்து, வரப்பில் வரிசையாகக் கைகூப்பி நின்றார்கள். விருந்தாளி வந்து நிற்கும்போது குனிந்து வேலை பார்த்தால் என்ன மரியாதை? அந்த ஊரில் பிறந்தவளுக்கு இது முன்பே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. (எனக்கும் இந்தப் பத்திக்கு வரும்வரை தோன்றவில்லை.)

"வாட் ஆர் தே டூயிங்?" என்று கேட்டார் திரையில் இருந்தவர்.

ஜெயக்குமார் கையை நீட்டினார். "குடும்மா, நான் பேசிக்கிறேன்."

6

இங்கே நான் மூன்று நாள் மாட்டிக்கொண்டேன்.

அ) எழுதி வைத்தபடியே 'பிக்கிங்' என்கிறாள். (அந்தம்மாவுக்குக் கண் இல்லையா?)

ஆ) எல்லோரையும் விரட்டி வேலை செய்வதுபோல் குனிய வைக்கிறாள். வெள்ளைத்தாயின் முகம்— (இல்லை. அந்த முகத்தை நான் எழுத மாட்டேன்.)

இ) போனைக் கொடுத்துவிடுகிறாள். (இதை எழுதிய தாளைக் கிழித்துவிட்டேன்.)

நான்காவதை அவளேதான் சொன்னாள். தாளில் இல்லாத வாக்கியம். "தே ஆர் ஸ்டாண்டிங். யூ ஆர் கம்மிங். ஸோ தே ஆர் ஸ்டாண்டிங்."

 திரையில் அந்தம்மா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். அவர் சட்டைப் பொத்தான்கள் மட்டும் தெரிந்தன.

"அவுகளும் எந்திரிச்சுட்டாகக்கா," என்றாள் சுகந்தி.  

7

நின்றபடியே அந்தம்மா கேட்டார்: "எனி ப்ராப்ளம்?"

இது சுகந்திக்குப் புரிந்தது. ஆனால் விதை முளைக்காமல் போனது போன வருசத்துக் கதை. போனதைச் சொல்லும் ஆங்கிலத்தை அவள் இன்னும் தொடவே இல்லை. ஜெயக்குமாரின் கை இன்னும் நீண்டபடியே இருந்தது. அவள் அதைப் பார்க்காமல், போனை வெள்ளைத்தாயின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"என்ன கொறைன்னு கேக்காகக்கா. சொல்லுங்க."

வெள்ளைத்தாய் தொடங்கினார். கிலோக் கணக்கிலிருந்து, ஊன்றிய நாளிலிருந்து. நடுவில், தமிழ் புரியாத அந்தம்மா ஏதோ கேட்க வாயெடுத்தார்.

"ப்ளீஸ் வெயிட்," என்றாள் சுகந்தி. "ஷி இஸ் ஸ்பீக்கிங்."

கம்பெனி விதையை மாற்றியதா என்று என்னைக் கேட்காதீர்கள். வெள்ளைத்தாய் இன்னும் முடிக்கவில்லை, அவருக்கு முன்னால் நான் முடிப்பது மரியாதை இல்லை. சுகந்திக்குக் கை வலிக்கத் தொடங்கியிருக்கிறது. போனைக் கொஞ்ச நேரம் நீங்கள் பிடியுங்கள். ஜெயக்குமார் கேட்பார். கொடுத்துவிடாதீர்கள்.