தோளில் ஒட்டிய மீனெண்ணெய் மாத்திரைகள்

சுருள் சோதனையில் தேறிவிட்டது என்று என் முதலாளி கிராண்ட், கேக் வெட்டினான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தேறாமல் என்ன செய்யும்? எம்.ஆர்.ஐ. ஸ்கேனர் குழாயின் நட்டநடுவில் மட்டும் அளந்தால் எந்தச் சுருளும் தேறும். எங்கள் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் அளக்கிறார்களாம். வெட்கங்கெட்ட சாக்கு!

உடம்பில் எது எங்கே இருக்கிறது என்று படத்துக்குச் சொல்வது நான் வடிவமைக்கும் அந்தச் செம்புச் சுருள்தான். அந்தப் படத்தை நம்பி டவுன்ஸ்வில் மருத்துவமனை கதிர்வீச்சைப் பாய்ச்சப் போகிறது. முதல் நோயாளி லெஸ், கரும்பு விவசாயி. புற்றுக்கட்டி அவர் தோளில். தோள் நடுவிலா இருக்கும்? குழாயின் சுவரோடு ஒட்டிக் கிடக்கும். குழாயைச் சிக்கனமாகச் செய்யச் சொல்லி, என் சுருளைக் குறுக்கியவன் இதே கிராண்ட்.

"ஓரத்துல படம் கோணினா சாஃப்ட்வேர் நிமித்திடும், நெரிடா. சும்மா கத்தாதே."

"அப்ப சட்டையைக் கழட்டிட்டுப் படு."

வீம்புக்குப் படுத்தான். அவன் தோளில் ஐந்து மீனெண்ணெய் மாத்திரைகளை வரிசையாக ஒட்டினேன். ஸ்கேனில் அவை வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். சாஃப்ட்வேர் நிமிர்த்தி முடித்த படத்தை அவனிடம் காட்டினேன்.

"எண்ணு."

"நாலு... அஞ்சாவது எங்க?"

"நாலாவது மேலயே உக்காந்திருக்கு. ரெண்டு வீட்டுக்கு ஒரே கதவு நம்பர். எது எதுன்னு உன் சாஃப்ட்வேருக்கு எப்படித் தெரியும்? லெஸ்ஸுக்கு ஒண்ணு கட்டி, ஒண்ணு நல்ல சதை. எதைச் சுடுவே?"

அவன் முனகினான். "தோளுக்கு ஏத்ததில்லைன்னு கையேட்டுல ஒரு வரி போட்டுடுவோமே."

"லெஸ் கட்டியை நெஞ்சுக்கு நகர்த்திக்கிட்டு வரணுமா?"

நானே டவுன்ஸ்வில் டாக்டரைக் கூப்பிட்டேன். சுருளில் கோளாறு, தோள் தப்பாகத் தெரிகிறது, புதிதாகச் சுற்றித்தான் அனுப்ப முடியும் என்றேன். கிராண்ட் கையை ஆட்டி ஆட்டித் தடுத்துப் பார்த்தான்.

"நாளைக்கே லெஸ்ஸை எங்க பழைய மெஷினுக்கு மாத்திடறேன். உங்க மெஷினை நாங்க வாங்கறதா வேண்டாமான்னு யோசிக்கணும்" என்றார் அவர்.

போன் வைத்ததும் கிராண்ட் கத்தினான். "ஆர்டர் போச்சு! இப்ப சந்தோஷமா?"

"போனாப் போகட்டும். லெஸ் முழுசா இருக்காரு இல்ல?"