தர்ஷினி கொடுத்த சாவி

கோவிந்தனுக்குத் தெரியாத விஷயமே உலகத்தில் கிடையாது. கெலவரப்பள்ளி அணையை எப்போது திறக்கவேண்டும் என்பதிலிருந்து பெங்களூரில் மழை எப்போது நிற்கும் என்பதுவரை எல்லாம் சொல்லுவார். தன் போனில் சத்தத்தைக் குறைக்க மட்டும் தெரியாது. கணவனின் அண்ணனாகப் போய்விட்டாரே என்று தர்ஷினி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

ஓசூர் கம்பெனி ஒன்றுக்கு, உலோகப் பாகங்களை வார்க்கும் அச்சுகளுக்கு டை டிசைன் போட்டுக் கொடுப்பது அவள் பிழைப்பு. வரைபடங்களெல்லாம் காவேரிப்பட்டினத்தில் மாமியார் வீட்டு மாடியில், அவளே அமைத்த சர்வரில் இருந்தன. ஓசூரில் உட்கார்ந்துகொண்டே லேப்டாப்பில் திறந்துகொள்வாள். அவள் உண்டாக்கிய விபிஎன் சாவி இல்லாமல் வெளியிலிருந்து ஒரு ஈ காக்கைகூட நுழைய முடியாது. வரைபடம் வெளியே போனால் வேலை அன்றோடு சரி என்று கம்பெனி கையெழுத்தே வாங்கியிருந்தது.

குடும்பத்து மாந்தோப்பில் கேமரா மாட்டியதும் வந்தது வினை. அதன் படமும் அந்த சர்வரில்தான் பதிவாகிறது. ஊத்தங்கரையில் குடியிருக்கும் கோவிந்தன் வந்து நின்றார்.

"ஏம்மா, ஊத்தங்கரையில இருந்தே தோப்பப் பாக்கணும். அந்தச் சாவிய எனக்கும் குடு."

"அது என் வேலைக்கு வெச்சது மாமா."

"வூட்டுக்குப் பெரியவன் எனக்கே பூட்டா? நல்லா இருக்குதே நாயம்!"

"குடுத்துத் தொலையேன்டி, பெரியவன் கேக்கறான் இல்ல?" என்றாள் மாமியார் நாராயணம்மா.

கேமராவை மட்டும் காட்டுகிற மாதிரி அவருக்கென்று தனிச் சாவி போட்டிருக்கலாம். பெரிய வேலையில்லை. ஆனால் இந்த மனுஷனுக்கா! கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை? மாங்காயைத் தாண்டி இவர் எதைத் திறந்து பார்க்கப் போகிறார்? தன்னுடைய சாவியின் கியூஆர் படத்தையே வாட்ஸ்அப்பில் அனுப்பி, ஆப்பையும் இறக்கிக் கொடுத்துவிட்டாள்.

மூன்றாவது வாரம் கம்பெனியிலிருந்து போன் வந்தது. "மேடம், நீங்க போட்ட டிசைன் வேற ஒரு பட்டறையோட கொட்டேஷன்ல அப்படியே வந்திருக்கு."

அவள் சர்வரின் பதிவுகளைத் திறந்தாள். அவள் பெயரிலுள்ள சாவியை வைத்துக்கொண்டு எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து போயிருந்தார்கள். உடனே அந்தச் சாவியை ரத்து செய்துவிட்டு கோவிந்தனைக் கூப்பிட்டாள்.

"அந்தச் சாவிப் படத்தப் பங்காளிங்க குரூப்புல போட்டேன். நம்ம தோப்பப் பாத்து அத்தன பேரும் அசந்துட்டாங்க! நம்ம ஜனந்தானே, என்னா இப்ப?"

குரூப்பில் நாற்பத்திரண்டு பேர். அதில் ஒரு பங்காளியின் மருமகன் அந்தப் பட்டறையில்தான் சூப்பர்வைசர். தூ! இந்த ஆளின் பவிசுக்குத் தன் பிழைப்பு பலியா? நடந்ததை அப்படியே சொல்லிவிடலாம் என்று கம்பெனி அதிகாரியைக் கூப்பிட்டாள்.

அவர் பொறுமையாகக் கேட்டார். "அவருக்குத் தனியா ஒரு சாவி போட்டுக் குடுத்தீங்களா?"

"இல்ல சார்."

"அப்படிப் போடத் தெரியாதா?"

"தெரியும் சார். அவருக்குப் போய் எதுக்குன்னு விட்டுட்டேன்."

"சரி மேடம். இனிமே எங்களுக்கு டிசைன் எதுவும் அனுப்ப வேணாம்." போனை வைத்துவிட்டார்.

நாலு வருஷ வேலை போயிற்று. அவள் போனைக் கீழே வைப்பதற்குள் கோவிந்தன் மறுபடி கூப்பிட்டார்.

"ஏம்மா, கேமரா தெரியலயே! குரூப்புல எல்லாரும் கேக்கறாங்க. உனக்கு இந்த வேல ஒழுங்காத் தெரியுமா, தெரியாதா?"

அந்த ஆள் முதல் தடவையாகச் சரியான கேள்வி கேட்டிருந்தார்.