ஆஞ்சலாவின் முகத்தில் ஈரம்

பிரிஜெட் விவேக் நகரில் ஒரு பள்ளியில் ஆங்கில ஆசிரியை. ஆங்கிலத் துறைத் தலைவி பதவி அவளுக்குக் கிடைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அது கூட வேலை பார்த்த ஆஞ்சலாவுக்குப் போக வேண்டிய பதவி. ஆனால் ஆஞ்சலாவிடம் டியூஷன் படிக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் எப்படி இவ்வளவு மார்க் வருகிறது என்று பிரிஜெட் ஆசிரியர் அறையில் சிரித்துக்கொண்டே கேட்டாள். அவ்வளவுதான். ஆஞ்சலா கேள்வித்தாளை முன்கூட்டியே கொடுத்துவிடுகிறாள் என்று மற்றவர்கள் பேச ஆரம்பித்தார்கள். அவமானம் தாங்காமல் அவள் வேலையை விட்டாள்.

ஒருநாள் பாடத்தில் 'அஸ்பர்ஷன்' என்ற சொல் வந்தது.

"ஒருத்தர் பேரைக் கெடுக்கிற மாதிரி பேசறது," என்றாள் பிரிஜெட்.

அது எங்கிருந்து வந்த சொல் என்று சிந்து என்ற மாணவி கேட்டாள். பிரிஜெட் போனில் பார்த்தாள். "லத்தீன். தெளிக்கிறதுன்னு அர்த்தம். சர்ச்ல ஃபாதர் தீர்த்தம் தெளிக்கிறாரே, அதுக்கும் இதே வார்த்தைதான்."

"அப்போ ஆஞ்சலா மிஸ் மேல யார் மிஸ் தெளிச்சாங்க?"

யாரும் சிரிக்கவில்லை. அதற்குமேல் பிரிஜெட்டால் பாடம் நடத்த முடியவில்லை.

மாலையில் ஆட்டோ பிடித்து ஜீவனஹள்ளியில் ஆஞ்சலாவின் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்த ஆஞ்சலாவின் கையில் துண்டு இருந்தது. நெற்றியெல்லாம் நீர்த்துளிகள்.

"முகம் கழுவிட்டிருந்தியா?"

"இல்ல. உள்ள வா." ஆஞ்சலா துடைத்துக்கொண்டே உட்கார்ந்தாள். "ஸ்கூலை விட்டதுலேர்ந்து இப்படித்தான். திடீர்னு மூஞ்சில தண்ணி விழுது, யாரோ கையால தெளிக்கிற மாதிரி. மேல பார்த்தா சீலிங் காஞ்சு கிடக்கு. டாக்டர் வேர்வைங்கறார். வேர்வை இவ்வளவு ஜில்லுனா இருக்கும்?"

பிரிஜெட் துண்டைத் தொட்டுப் பார்த்தாள். விரல் மரத்தது.

"எப்பல்லாம் வருது?"

"இன்டர்வெல் நேரத்துல. லஞ்ச் நேரத்துல. சண்டே பூசை முடிஞ்சதும் ரொம்ப."

பள்ளியிலும் சர்ச் வாசலிலும் ஆசிரியர்கள் கூடிப் பேசும் நேரங்கள் அவை.

"நான்தான் ஆஞ்சலா. முதல்ல அப்படிக் கேட்டது நான்தான். எனக்கு ஒண்ணுமே தெரியாது. சும்மா சொன்னேன்."

ஆஞ்சலா துண்டை மடித்து மடியில் வைத்தாள். பிறகு, "தெரியும்," என்றாள். "நீ வந்து சொல்லுவேன்னு நினைக்கல."

மறுநாள் பிரிஜெட் முதல்வர் வெங்கடராமனிடம் உண்மையைச் சொல்லிப் பதவியை விட்டாள். ஆசிரியர் அறையிலும் எல்லோர் முன்னாலும் சொன்னாள். சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். பிரிஸில்லா டீச்சர் மட்டும் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்குப் பெரிய மனசு பிரிஜெட். அவளைக் காப்பாத்த நீங்க பழியை ஏத்துக்கறீங்க. எங்களுக்குப் புரியாதா?"

"அய்யோ, இல்ல!" என்று பிரிஜெட் கத்தியே விட்டாள். சுற்றியிருந்தவர்கள் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவள் நேராக ஜீவனஹள்ளிக்குக் கிளம்பினாள். சர்ச் வாசலில் கும்பல் கும்பலாக நின்றவர்கள் அவள் கடக்கும்போது பேச்சை நிறுத்தினார்கள். கடந்ததும் தொடர்ந்தார்கள்.

ஆஞ்சலாவின் வீட்டுக் கொடியில் ஐந்தாறு துண்டுகள் சொட்டிக்கொண்டிருந்தன. அவள் தலைமுடி முகத்தோடு ஒட்டியிருந்தது. கழுத்து வழியாக நீர் இறங்கி ரவிக்கையை நனைத்திருந்தது.

"நீ போய்ச் சொன்ன பிறகு அதிகமாயிடுச்சு," என்றாள் ஆஞ்சலா. குரலில் கோபம் இல்லை.

அறையில் சத்தமே இல்லை. பிரிஜெட் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்றுமில்லாத காற்றிலிருந்து ஒரு கை நிறையத் தண்ணீர் ஆஞ்சலாவின் கன்னத்தில் விழுந்து சிதறியது.

பிரிஜெட் தன் முந்தானையை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து துடைக்க ஆரம்பித்தாள்.