என்னைத் தவிர எல்லாரும்

என் மருமகள் மேடையேறி ஆட்களைச் சிரிக்க வைக்கிறவள். பத்திரிகையில் வாராவாரம் நகைச்சுவைப் பத்தியும் எழுதுகிறாள். அவள் வாயில் அகப்படாத ஆள் எங்கள் குடும்பத்தில் கிடையாது. என் மகன், அவன் தம்பி, அவளைப் பெற்ற அப்பா, மாடி வீட்டுப் பல் டாக்டர், ஏன், எங்கள் வாஷிங் மெஷின்கூட மேடை ஏறிவிட்டது. நான் மட்டும் இல்லை. மாமியாரைக் கிண்டல் செய்யாத நகைச்சுவைக்காரர் உலகத்தில் உண்டா? கல்லூரி விழாவில் மைக்கைப் பிடிக்கிறவன்கூட மாமியாரில்தான் ஆரம்பிக்கிறான். வாஷிங் மெஷினுக்குக் கிடைத்த இடம் எனக்குக் கிடையாது என்றால் எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

வீட்டில் அவள் வாயில்லாப் பூச்சி. கேட்டால் பதில் வரும், கேட்காவிட்டால் அதுவும் வராது. கல்யாணமான புதிதில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். ஒருநாள் திடீரென்று, "அத்தை, நான் வேலையை விட்டுட்டு ஜோக் சொல்லப் போறேன்" என்றாள். அதையே ஜோக் என்று நினைத்து நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் வாயை மூடினேன்.

ஆனால் உழைப்பு என்றால் அப்படியோர் உழைப்பு! ஆஸ்பத்திரியில் சீட்டுக் கொடுக்கும் ஜன்னலில் காலமெல்லாம் உட்கார்ந்து, விதவிதமான வேலைக்காரர்களைப் பார்த்தவள் நான். எனக்கே மலைப்பாக இருக்கும். புத்தகக் கடை மாடியில் பத்துப் பேர் காப்பி குடித்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் முன்னால் நின்று ஒரு ஜோக்கைச் சொல்வாள். மறுநாள் ஒரே ஒரு வார்த்தையை மாற்றி மறுபடி அதையே சொல்வாள். யாருமே சிரிக்காத நாளில் வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டு, "ஜோக் நல்லாத்தான் இருக்கு அத்தை. நான்தான் ஒரு மூச்சு முன்னாடி சொல்லிட்டேன்" என்பாள். பாத்திரம் தேய்க்கும்போதும் உதடு அசைந்துகொண்டே இருக்கும். குழாயை மூடுவாள், சற்று நிறுத்துவாள், திறப்பாள். அந்த நிறுத்தத்தில்தான் ஜனங்கள் சிரிப்பார்களாம்.

பத்தி எழுதுவதும் அப்படித்தான். பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, உட்கார்ந்து வெட்டித் தள்ளுவாள். "இந்த வரி நல்லா இருக்கேம்மா, ஏன் எடுத்தே?" என்றால், "நல்லாத்தான் இருக்கு. ஆனா அடுத்த வரியை மறைச்சுக்கிட்டு நிக்குது" என்பாள். நான் அந்தப் பத்தியை ஓர் எழுத்து விடாமல் படிப்பேன். மேடைக்கு மட்டும் அவள் என்னை அழைத்துப் போனதே இல்லை. "படிக்கட்டு செங்குத்தா இருக்கு அத்தை", "அங்கே ஏசி ஓடாது அத்தை", இப்படி ஏதாவது ஒரு சாக்கு. என் மகன் பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்லிக் காட்டுவான். அவன் ஜோக் சொன்னால் இரங்கல் கூட்டத்தில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். முடிவை முதலில் சொல்லிவிட்டு, "இரும்மா, இதுக்கு முன்னாடி ஒண்ணு இருக்கு" என்று தலையைச் சொறிவான்.

எதிர் வீட்டுத் தையல்காரிதான் நெருப்பைப் பற்ற வைத்தாள். "உங்களைப் பத்தி மட்டும் ஒண்ணும் சொல்றதில்லையேக்கா, ஏதாவது மனஸ்தாபமா?" என்று கேட்டுவிட்டாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆகாதவர்களைத்தானே பேச்சில்கூடச் சேர்க்க மாட்டார்கள்? நேராக மருமகளிடமே போய் நின்றேன்.

"ஏம்மா, என்கிட்ட சிரிக்கிற மாதிரி ஒண்ணுமே இல்லையா?"

அவள் திடுக்கிட்டுப் போனாள். "ஐயோ, அப்படியெல்லாம் இல்லை அத்தை" என்று முனகிவிட்டு, துணி காயப்போடப் போய்விட்டாள். அன்றைக்கு வீட்டில் துவைத்த துணி எதுவும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் பெரிய அரங்கத்தில் அவளுடைய நிகழ்ச்சி வந்தது. ஒரு மணி நேரம், அவள் ஒருத்தி மட்டும். காமிரா வைத்துப் பதிவு செய்கிறார்கள். தேறினால் ஊர் ஊராகப் போகலாம், இல்லாவிட்டால் பழையபடி புத்தகக் கடை மாடிதான். அதற்கும் என்னைக் கூப்பிடவில்லை. அவள் கிளம்பிப் போனதும் நான் உடுத்திக்கொண்டு வாசலில் வந்து நின்றேன். மகனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"நீ எதுக்கும்மா இவ்வளவு தூரம்..."

"கூட்டிட்டுப் போறியா, இல்லை நானே டாக்ஸி பிடிக்கட்டுமா? அவளுக்கு நான் வேண்டியவளா வேண்டாதவளான்னு இன்னிக்கு எனக்குத் தெரிஞ்சாகணும்."

அரங்கம் நிரம்பி வழிந்தது. விளக்கு வட்டத்துக்குள் அவள் வந்து நின்றாள். முதல் வார்த்தையிலேயே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் வீட்டுப் பூச்சியா இது? ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, முகவாயைத் தூக்கி, கூட்டத்தையே அதட்டுகிறாள்!

"என் புருஷன் பொருள் தேடற அழகைப் பார்க்கணும். ஃபிரிட்ஜைத் திறந்து வச்சுக்கிட்டு, 'பால் எங்கே, பால் எங்கே'ன்னு கத்துவார். ஏன், பால் எழுந்து நின்னு 'உள்ளேன் ஐயா' சொல்லணுமா?"

அரங்கம் அதிர்ந்தது. பக்கத்தில் என் மகன் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். மேடையில் நிற்கிற இந்த அம்மணிக்குத் திமிர் கொஞ்சம் அதிகம்தான், ஆனாலும் எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போயிற்று. இந்த வாயை இவள் எங்கே பிடித்தாள் என்று வியந்துகொண்டிருந்தேன்.

அடுத்தது பல் டாக்டர். "ஊசியைக் கையில வச்சுக்கிட்டு 'ரிலாக்ஸா இருங்க'ன்னார். அதை இப்படிக் கொடுங்க, நீங்க ரிலாக்ஸா இருங்க பார்ப்போம்னேன்." எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. அப்புறம் லிஃப்ட். "ஒருத்தன் எரியற பட்டனையே மறுபடி மறுபடி அமுக்கறான். ஏம்பா, நீ அமுக்கினா அது ஓடி வந்துடுமா?" என்று சொல்லி நிறுத்தினாள்.

அந்த நிறுத்தத்தில் என் வாய் தானாகத் திறந்துகொண்டது. "பெத்த பிள்ளையே கூப்பிட்டா வர்றதில்லை, லிஃப்ட் வரப்போகுதா?"

மறுநொடி மேடையிலிருந்தும் அதே வார்த்தைகள் வந்தன. கூரை பறக்கிற சிரிப்பு. முன்வரிசைப் பெண் கோபமாகத் திரும்பினாள். "ஏற்கெனவே பார்த்துட்டீங்களா? முடிவை முன்னாடியே சொல்லாதீங்கம்மா, புண்ணியமாப் போகும்!"

நான் எங்கே தாயே பார்த்தேன்? எங்கள் கட்டிடத்து லிஃப்ட் முன்னால் நின்று நான் கத்தியது அது. மகனின் தொடையில் நறுக்கென்று கிள்ளினேன். "டேய், இது நான்டா!"

"அம்மா, சத்தியமா அவகிட்ட சொல்லிடாதே" என்று என் காதில் கெஞ்சினான். "ஆரம்பத்துல அவ குரல்ல சொன்னப்ப ஒருத்தரும் சிரிக்கலை. ஒருநாள் உன்னை மாதிரி இடுப்புல கையை வச்சுக்கிட்டுச் சொன்னா. அன்னிக்குத்தான் பிடிச்சுது. உனக்குத் தெரிஞ்சா நீ பார்த்துப் பார்த்துப் பேச ஆரம்பிச்சுடுவியாம். அதோட அவ பிழைப்பு போச்சாம்."

அதற்கப்புறம் எனக்கு மேடை சரியாகத் தெரியவில்லை. கண் நிறைந்துவிட்டது. என்னைப் பற்றிப் பேசவில்லை என்று குறைப்பட்டேனே, அவள் நானாகவே அல்லவா நின்றுகொண்டிருக்கிறாள்! அதே வார்த்தைகளை நான் சொன்னால் சண்டை வருகிறது. அவள் சொன்னால் ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். நடுவில் இருக்கிற தூரம் முழுக்க அவள் உழைப்பு. பெருமை தாங்கவில்லை எனக்கு.

நிகழ்ச்சி முடிந்து மேடைக்குப் பின்னால் போனோம். வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தவள் என்னைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள். "அத்தை... நீங்க எப்ப வந்தீங்க? எப்படி... இருந்துது?" பழையபடி அந்தப் பூச்சிக் குரல். கட்டிப்பிடித்து எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் போல இருந்தது. வாய்க்கு வந்த எதையும் இதுவரை நான் விழுங்கியதில்லை. அன்றைக்கு விழுங்கினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக யோசித்துப் பேசினேன், யோசித்தது தெரியாமல்.

"என்னத்தை இருந்துது? நாற்காலியா போட்டிருக்கான் அது? உட்கார்ந்தா முழங்கால் காதுக்கு வருது. எழுந்திருக்கணும்னா தூக்கிவிட ஆள் வேணும். அதனாலதான் அத்தனை பேரும் கடைசி வரைக்கும் இருந்தாங்க. உன் ஜோக்குக்காகன்னு நினைச்சுக்காதே!"

அவள் முகத்துக்கு உயிர் திரும்பியது. பார்வையை என்மேல் வைத்தபடியே, கை மட்டும் மெதுவாகப் பைக்குள் போய் போனைத் தேடியது. அவள் நிதானமாக எழுதிக்கொள்ளட்டும் என்று நான் அந்தப் பக்கம் திரும்பி நின்று, மகனைத் திட்ட ஆரம்பித்தேன்.