காளவாய்க்கு வந்த சாமி

அதேதான், அந்தச் சுண்ணாம்பு சுடும் காளவாய்தான். முந்திரித் தோப்பு ஓரமாக வாய் உடைந்த நெற்குதிர் மாதிரி நிற்குமே. போன வாரம் அது கோயிலாகிவிட்டது.

நிலக்கரிச் சுரங்கத்துக்கு எடுக்கப்போகிற நிலத்தை அளக்க வருகிறார்கள் என்று தெரிந்ததும், நிலத்துக்காரர் கொளஞ்சிநாதன் அதற்குள் ஒரு கல்லை நட்டு மஞ்சள் துணி சுற்றிவிட்டார். கோயில் என்றால் மாற்று இடத்தில் அதற்கு மனை உண்டு, பூசாரிக்கும் பக்கத்திலேயே ஒரு மனை உண்டு. பூசாரி அவருடைய மகன் மணிமாறன். அதற்காகவே தாடி வளர்த்தான்.

பழைய கட்டடம் எதைக் கண்டாலும் படம் எடுக்க ஓடுகிறவன் நான். நேற்று அளக்க வந்தபோதும் போய் நின்றேன். சாமிக் கல்லைச் சுற்றி வெந்தும் வேகாத கிளிஞ்சல்கள் அப்படியே கிடந்தன. சுவரெல்லாம் ஏன் கரி என்று அளக்க வந்தவர் கேட்டார். வடலூரில் எரிகிற மாதிரி இங்கேயும் அணையா விளக்கு எரிந்தது என்றார் கொளஞ்சிநாதன். கரி ஏறியிருந்த உயரத்தைப் பார்த்தால், விளக்கு பனைமரம் அளவு இருந்திருக்க வேண்டும்.

கூட்டத்தில் வெண்மதி இருந்தாள். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. காளவாயில் முதலிலிருந்து கடைசிவரை கிளிஞ்சல் சுட்டது அவளுடைய தாத்தா கலியன். அவர்கள் வீடு புறம்போக்கில் இருக்கிறது. பட்டா இல்லை, அதனால் மாற்று மனையும் இல்லை. சண்டைக்கு வருவாள் என்று நினைத்தோம். அவளோ செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாள்.

"கோயில்தாங்க சார். இதுல மொத நெருப்பு வெச்சது எங்க தாத்தா. மொத வெளக்கு வெச்ச வூட்டுக்குத்தான பூசை? எங்கப்பா சாமிக்கண்ணு பேர எழுதிக்கோங்க."

கொளஞ்சிநாதனுக்கு முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். ஐயனார் கோயில் பூசையை அவர் குடும்பம் பிடித்து வைத்திருப்பதே அந்த வழக்கத்தைச் சொல்லித்தான்.

"கலியன் சுண்ணாம்பு சுட்டுகினு இருந்த ஆளு, புள்ள," என்றார் மெதுவாக.

"அப்ப இது காளவாயிங்களா?"

அளக்க வந்தவர் பேனாவைத் திறந்தபடியே நின்றார். கோயில் என்றால் ஊரே சாமிக்கண்ணு கையால் திருநீறு வாங்க வேண்டும், மனையும் அவருக்கு. காளவாய் என்றால் கல்லைப் பிடுங்க வேண்டும், மனையும் போய்விடும். மணிமாறன் தாடியைச் சொறிந்தான். நாளைக்கு வாருங்கள், சொல்கிறேன் என்று கொளஞ்சிநாதன் கிளம்பிவிட்டார்.

இன்றைக்குக் காலையில் எட்டிப் பார்த்தேன். கல் இருக்கிறது, துணியைக் காணோம். மணிமாறன் வேறு முகம் மழித்துக்கொண்டு போகிறான். வெண்மதி மட்டும் வாசலைக் கூட்டிக் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். மத்தியானம் அளக்கிறவர் வருகிறார். நீங்களே சொல்லுங்கள், கொளஞ்சிநாதன் வாயிலிருந்து கோயில் வருமா, காளவாய் வருமா?