ஆலங்குளத்தில் வாங்கிய மாத்திரை

தென்காசியில் ஏட்டாக இருக்கும் இசக்கிதுரையை அவன் அப்பா ‘சார்’ என்று கூப்பிட ஆரம்பித்து வெகுநாளாகிறது. ரிட்டையரான எஸ்.ஐ. முத்துராமலிங்கத்துக்கு அல்சைமர். போன ஞாபகம் போனதுதான் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். துரைக்கு ஒரே ஆசைதான். சாவதற்குள் ஒருமுறையாவது அவர் தன் பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

போனில் ஒரு செய்தி படித்தான். உடம்பில் நைட்ரிக் ஆக்சைடு என்று ஒன்று சுரந்து ரத்தக்குழாயை விரிக்கிறதாம். அதன் வேலையை நீட்டிக்கும் மாத்திரை ஒன்று எலிகளுக்கு மறதியைக் குறைத்ததாம். மனிதர்களிடம் இன்னும் நிரூபணமாகவில்லை என்று கடைசி வரியில் இருந்தது. ஆசை பிடித்தவன் கடைசி வரியை எங்கே படித்தான்? சிக்கல் என்னவென்றால், அது ஆண்மைக்குறைவுக்கு விற்கிற மாத்திரை. தென்காசியில் வாங்கினால் ஸ்டேஷனே சிரிக்கும். பஸ் ஏறி ஆலங்குளம் போனான்.

“யாருக்கு அண்ணாச்சி?” என்றார் மருந்துக்கடைக்காரர்.

அப்பாவுக்கு என்று சொல்ல நாக்குக் கூசியது. “எனக்குத்தான்.”

“நெஞ்சுவலி மாத்திரை ஏதும் போடுதியளா? ஏன்னா...”

“அதெல்லாம் இல்ல. சீக்கிரம் குடுங்க.”

அம்மா முப்பிடாதியம்மாளுக்கும் தெரியாமல், தினமும் காலைக் காபியோடு அதை அப்பாவுக்குக் கொடுத்து வந்தான். மாத்திரைதானோ, சாமிதானோ, சாரல் விழுந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஐந்தருவியில் குளிக்கப் போனபோது, வரிசையில் நின்ற அப்பா திரும்பி, “ஏலே துரை, துண்ட எங்கலே?” என்றார். தான் போலீஸ்காரன் என்பதையும் மறந்து துரை கூட்டத்துக்கு நடுவே அழுதான்.

குளித்து வெளியே வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவருக்கு எப்போதோ வந்த நெஞ்சுவலிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை அம்மாவின் பர்ஸில் எப்போதும் இருக்கும். துரை அதை மறந்தே போயிருந்தான். மறதி அந்த வீட்டில் ஒருவருக்கு மட்டும்தானா என்ன? அம்மா பதறிப்போய் அதை எடுத்து அவர் நாக்குக்கடியில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அவர் தலை தொங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். “பிரஷர் ஏறவே மாட்டேங்குது. ஆண்மைக்குறைவு மாத்திரை எதுவும் போட்டாரா? அதோட நெஞ்சுவலி மாத்திரை சேந்தா இப்படித்தான் இறங்கும்.”

“என்ன கேள்வி கேக்கிய? பெத்த புள்ளய தெரியாத மனுசன்லா அவுக!” என்று அம்மா சீறினாள்.

துரை வாயைத் திறந்தான். அம்மாவைப் பார்த்தான். துணைக்கு ஓடிவந்திருந்த ஸ்டேஷன் ஆட்களைப் பார்த்தான். தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று டாக்டரின் பின்னால் நடந்தான். அதற்குள் நர்ஸ் உள்ளேயிருந்து அவரைக் கத்திக் கூப்பிட்டாள். அதோடு எல்லாம் முடிந்துபோனது.

சாவு விசாரிக்கத் துட்டிக்கு வருகிறவர்களிடமெல்லாம் அம்மா ஒன்றையே சொல்லி நெஞ்சில் அடித்துக்கொள்கிறாள். “பாவி நான், மாத்திரைய வைக்கப் பிந்திட்டேனே!”

“ஒம்மேல தப்பில்லம்மா” என்றான் துரை.

“பின்ன யாரு மேலலே?”

அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். துரை தலையைக் குனிந்துகொண்டான்.