முப்பத்திரண்டாம் எண் விளக்கு

ஆராய்ச்சிக்கூடத்தில் அவனை எல்லோரும் மீட்டர் என்றே கூப்பிட்டார்கள். விளக்குகளின் வெளிச்சத்தை மீட்டர் வைத்து அளந்து, பெட்டியில் போட்டு, எண் ஒட்டுவது அவன் வேலை. வைரஸ் காய்ச்சல் கண்டவர்கள் அந்த விளக்கை வாயில் வைத்து, காலையும் மாலையும் ஐந்து நிமிடம் தொண்டைக்கு நீல வெளிச்சம் காட்ட வேண்டும். குணமாகிறதா என்று பார்க்கும் சோதனை. பாதி விளக்குகள் பளிச்சென்று எரியும், மீதி சும்மா பேருக்கு மங்கலாக மினுங்கும். எது யாருக்குப் போகிறது என்று சோதனையை நடத்தும் டாக்டரம்மாவுக்கே தெரியக்கூடாது. மீட்டருக்கு மட்டும் தெரியும். வாயைத் திறக்காத ஆள் என்று நம்பித்தான் அவனிடம் அந்த வேலையைக் கொடுத்திருந்தார்கள்.

ஒரு நாள் அவனுடைய அக்காவே இருமிக்கொண்டு வந்து வரிசையில் நின்றாள். பெற்றவர்கள் போனபின் அவனை ஆளாக்கியவள். அவளுக்கு விழுந்த எண் முப்பத்தொன்று, மினுங்கும் விளக்கு. மீட்டருக்குக் கை பரபரத்தது. முப்பத்தொன்றின் ஸ்டிக்கரையும், பளிச்சென்று எரியும் முப்பத்திரண்டின் ஸ்டிக்கரையும் உரித்து மாற்றி ஒட்டினான். அரை நிமிடம்கூட ஆகவில்லை. திருட்டு வேலைக்கு அவ்வளவு நேரமே தாராளம்.

முப்பத்திரண்டாவதாக வந்தவர் ஒரு பஸ் டிரைவர்.

அக்கா நாலே நாளில் எழுந்து நடமாடினாள். தம்பி வேலை பார்க்கிற இடத்து விளக்கு என்று தெருவெல்லாம் தம்பட்டம் அடித்தாள். டிரைவரை ஆறாம் நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆக்ஸிஜன் வைத்தார்கள். வெளிச்சம் வேலை செய்யுமா என்பது யாருக்குமே தெரியாது, அதனால்தானே சோதனை என்று மீட்டர் தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தான். அப்படியென்றால் ஸ்டிக்கரை ஏனடா உரித்தாய் என்று மனசு திருப்பிக் கேட்டது. சொன்னால் வேலை போகும். சொல்லாமல் சோறு இறங்கவில்லை.

டிரைவரின் மனைவி விளக்கைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். நன்றாகத் துடைத்து, சுத்தமான துண்டில் சுற்றியிருந்தாள்.

"ஒரு வேளைகூட விடல தம்பி. நானே கடிகாரத்தப் பார்த்துக்கிட்டு பக்கத்துல உக்காந்திருந்தேன்."

"இப்ப எப்படி இருக்காரு?"

"பேசினா மூச்சு வாங்குது. போன்லதான் எழுதிக் காட்டுறாரு. உங்ககிட்ட இதக் காட்டச் சொன்னாரு."

அவள் நீட்டிய போனில் இருந்தது: 'நான் சரியாப் பிடிக்கலையோ? என்னால உங்க சோதனை கெட்டுப்போயிருந்தா மன்னிச்சுக்கோங்க.'

மீட்டர் போனைத் திருப்பிக் கொடுத்தான். அவள் முகத்தைப் பார்க்காமலே, "கொஞ்சம் கூட வாங்கம்மா" என்று டாக்டரம்மாவின் அறைக்குப் போனான். இருவர் முன்னாலும் எல்லாவற்றையும் சொன்னான்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "எத்தனை பெட்டி மாத்தினீங்க?"

"இந்த ரெண்டு மட்டும்தான் டாக்டர்."

"அத நான் எப்படி நம்புறது?"

டிரைவரின் மனைவி அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட அவனுக்குக் கொஞ்சம் தேவலாம் போலிருந்தது. அவள் போனை மறுபடி அவன் கையில் வைத்தாள்.

"தன் மேலதான் தப்புன்னு ரெண்டு நாளாப் புலம்பிக்கிட்டிருக்காரு. பதில நீங்களே எழுதிடுங்க."